ட்ரோன் ஆராய்ச்சிக்குப் போக எந்தத் துறையில் சேர்ப்பது?

உயர்தரம் எழுதிய மகனை எந்தத் துறையில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அவன் ட்ரோன், ட்ரோன் என்கிறான் என்பதற்காக, பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வருமுன்பே இலட்சக்கணக்கில் கட்டித் தனியார் வானூர்திப் பாடநெறியில் சேர்த்துவிடாதீர்கள் அம்மா. ஆளில்லா வானூர்தியை நிலையாகப் பறக்கவைக்கும் கட்டுப்பாட்டுப் பொறியியலை மின் இலத்திரனியல், இயந்திரவியல் துறைகளிலேயே படிக்கலாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் மின் இலத்திரனியல் துறை இருக்கிறது. பேராதனை, மொறட்டுவை கிடைத்தாலும் நல்லதுதான்.

ட்ரோனைப் பூட்டிப் பறக்கவிடுவது ஆராய்ச்சி ஆகாது. நான்கு மோட்டார்களை வைத்து ஆறு வகை அசைவுகளை ஆளவேண்டும்; சரியாமல் பக்கவாட்டில் நகரவே முடியாது. அதனால் கட்டுப்பாடு அடுக்கடுக்காக இருக்கும்: உள்ளே சுழலும் வேகம், அதற்கு வெளியே சரிவுக் கோணம், அதற்கும் வெளியே இடம். உள்ளடுக்கு செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை ஓடும். அதைச் சரிசெய்யாமல் வெளியடுக்கைத் தொட்டால் ஒன்றும் பிடிபடாது.

ஒவ்வோர் அடுக்கிலும் பிழையைப் பார்த்துத் திருத்தும் கணக்குக்குப் பி.ஐ.டி. என்று பெயர். அதில் பிழையின் அளவுக்கேற்பத் திருத்தும் எண் பி; அது கூடினால் ட்ரோன் நடுங்கும். பிழை மாறும் வேகத்தைப் பார்க்கும் டி, பட்டத்துக்குக் கட்டும் வால் மாதிரி, ஆட்டத்தை அடக்கும். ஆனால் மோட்டாரில் சுழலும் விசிறி இறக்கை சமநிலை தப்பியிருந்தால் அந்த அதிர்வு, சுழலும் வேகத்தை அளக்கும் கைரோ உணரிக்குள் போகும். டி அதை வகையிட்டுப் பெருக்கிவிடும். அதனால் இறங்கியதும் மோட்டாரைத் தொட்டால் சுடும். முதலில் இறக்கையைத்தான் பார்க்கவேண்டும். பலர் எண்களை மாற்றி மாற்றியே நாளைக் கழிக்கிறார்கள்.

பெறுபேறு வரும்வரை ட்ரோன் வாங்கிக்கொடுக்க வேண்டாம். ட்ரோனைப் பறக்கவைக்கும் ஆர்டுபைலட் மென்பொருள் இலவசம், அதன் சிமுலேஷன் சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். காற்றைக் கூட்டி, பி எண்ணை இரட்டித்து, பதிவான வரைபடத்தைப் பார்த்து ஏன் அப்படி ஆடியது என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பேராசிரியர்கள் கேட்பது அந்தப் பக்கத்தைத்தான்; பறக்கும் வீடியோவை அல்ல. இணைந்த கணிதத்தில் வகையீடு, தாயம், நிகழ்தகவு மூன்றையும் விட்டுவிடக் கூடாது. உணரிகளின் பிழை கலந்த அளவீடுகளிலிருந்து ட்ரோனின் நிலையைக் கணிக்கும் கல்மன் வடிகட்டி முழுக்க அவற்றின் மேல்தான் நிற்கிறது.

பிறகு உண்மையான ட்ரோன் வாங்கினாலும், வீட்டு மாடியிலிருந்து ஏற்றவேண்டாம். யாழ்ப்பாணத்தில் என்றால் பலாலி விமான நிலையம் பக்கத்தில். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளைப் பார்த்து அனுமதி எடுத்த பின்புதான்.

வெளிநாட்டில் முனைவர் பட்டத்துக்குப் பல இடங்களில் உதவித்தொகை உண்டு. போர் விமானம் சார்ந்த ஆய்வுகளில் வேறு நாட்டவரைச் சேர்க்கக் கட்டுப்பாடு இருக்கும், குறிப்பாக அமெரிக்காவில். ஆகவே விண்ணப்பத்தில் பயிர்க் கண்காணிப்பு, கடலோர அளவீடு, காற்றுக்கு ஈடுகொடுக்கும் கட்டுப்பாடு போன்ற தலைப்புகளை முன்வைக்கட்டும்.