கன்னத்தில் சிராய்ப்பு, உள்ளங்கையில் ஒன்றுமில்லை

கேள்வி: வயது 41, ஊர் ஆரையம்பதி. கடற்கரையில் நடக்கும் ட்ரையத்லன் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை தனியாக ஸ்பிரின்ட் தூரம், ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ரிலே. ஓடும்போது கைக்கடிகாரம் இதயத்துடிப்பு 178 என்று காட்டுகிறது. நீந்தும்போது கெண்டைக்கால் பிடிக்கிறது. பெருவிரல் நகம் கறுத்துப்போனது. சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகிறது. ஜெலிமீன் பட்டால் என்ன செய்வது? நீண்ட ஓட்டத்துக்கு முன் டைக்குளோபெனாக் நோக்குளிசை ஒன்று போடுவேன். மூன்று கிழமையாக அஸ்பிரினும் எடுக்கிறேன். போன மாதம் விடியற்காலை ஐந்தரைக்குக் கல்லடிப் பாலத்தடியில் ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்துவிட்டேன். கையை உதறினேனாம், கூட வந்தவர்கள் திறப்புக்கோர்வையைக் கையில் தந்தார்களாம். அரை நிமிடத்தில் எழும்பி வீட்டுக்கு நடந்தே போனேன். கன்னத்தில் மட்டும் சிராய்ப்பு. வெறும் வயிற்றோடு ஓடியதால்தான் என்கிறார் மனைவி. அப்பா 46 வயதில் வயலில் வேலை செய்துகொண்டிருக்கும்போது திடீரென்று இறந்தவர். நான் போட்டிக்குப் போகலாமா?

பதில்:

தம்பி, விழுந்தது போன மாதம், அஸ்பிரின் தொடங்கியது அதற்குப் பிறகு. அப்பாவுக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டதோ என்ற பயம்தான் அந்தக் குளிசையை வாங்க வைத்திருக்கிறது. நகத்தையும் ஜெலிமீனையும் பிறகு பார்ப்போம். சோதனைகள் முடியும் வரை ஓட வேண்டாம், சைக்கிளை மூச்சு வாங்க மிதிக்க வேண்டாம், கடலிலோ வாவியிலோ இறங்கவே வேண்டாம். சாதாரண நடை போதும். இந்தக் கிழமைக்குள் வைத்தியசாலைக்குப் போங்கள். மீண்டும் ஒருமுறை மயங்கினாலோ, நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, காரணமில்லாமல் நெஞ்சு படபடவென்று அடித்துத் தலை கிறுகிறுத்தாலோ கிழமையெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உங்கள் கன்னம். கால் தடுக்கி விழுகிறவர் கையை ஊன்றித்தான் விழுவார். உள்ளங்கையும் முழங்காலும் தேயும். கண் இருண்டு, வியர்த்து, குமட்டி மயங்குகிறவருக்கும் உட்காரவோ எதையாவது பிடிக்கவோ சில விநாடி கிடைக்கும். உங்களுக்கு அந்த அவகாசமே கிடைக்கவில்லை. கை முன்னுக்கு வருவதற்குள் நினைவு போய்விட்டது, முகம் நேரே தார்வீதியில் பட்டது. மூளைக்குப் போகிற இரத்தம் ஒரே வெட்டாக நின்றால் இப்படித்தான் விழுவார்கள். இதயம் ஒழுங்கு தப்பி அடித்தாலோ, வெளியே தள்ள வேண்டிய இரத்தத்தைத் தள்ள முடியாமல் போனாலோ அப்படி நிற்கும்.

எப்போது விழுந்தீர்கள் என்பது இதைவிட முக்கியம். எல்லைக்கோட்டைத் தாண்டி நின்றவுடன் சரிகிறவர்களை எந்தப் போட்டியிலும் பார்க்கலாம். ஓடும்போது கெண்டைக்கால் தசைதான் கால் இரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகிறது. சடாரென்று நின்றால் அந்தப் பிழிவு நின்று இரத்தம் காலிலேயே தேங்கும், தலை சுற்றும். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் தெளிந்துவிடும். பெரும்பாலும் ஆபத்தில்லை. ஓட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் நடந்தால் அதுவும் பெரும்பாலும் வராது. நீங்கள் விழுந்தது நின்ற பிறகல்ல, ஓட்டத்தின் நடுவில். நிற்கும்போது வரும் மயக்கத்தையும் ஓட்டத்தின் நடுவே வரும் மயக்கத்தையும் ஒன்றாக எண்ணக்கூடாது. பின்னது, வேறு காரணம் நிரூபணமாகும் வரை, இதயத்திலிருந்து வந்தது என்றே எடுக்க வேண்டும்.

மனைவி சொல்லும் வெறும் வயிறு இதற்குப் பொருந்தாது. சீனி இறங்கினால் நடுக்கமும் வியர்வையும் தடுமாற்றமும் வரும், ஒன்றும் குடிக்காமல் சாப்பிடாமல் அரை நிமிடத்தில் தானாகச் சரியாகாது. வெயிலும் இல்லை, நேரம் ஐந்தரை. கை உதறியதை வைத்து வலிப்பு என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். இதயம் சில விநாடி நின்றாலும் மூளை பட்டினி கிடந்து கைகால் உதறும். வலிப்பு வந்தவர் தெளிய நேரமெடுக்கும், குழம்பிப்போய் இருப்பார். நீங்கள் உடனே தெளிந்து நடந்தே வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். திறப்பும் இரும்பும் இதில் ஒன்றும் செய்வதில்லை.

தண்ணீரை ஏன் இவ்வளவு இறுக்கிச் சொல்கிறேன்? அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை ட்ரையத்லன்களில் நடந்த மரணங்களையும் இதய நிறுத்தங்களையும் ஆராய்ந்தார்கள். விபத்துகளையும் சேர்த்து 135. அவற்றில் 90 நீச்சல் பகுதியில் நடந்தவை. ஆண்களே மிகப் பெரும்பாலானோர், சராசரி வயது நாற்பதின் பிற்பகுதி. இதைப் படித்துவிட்டு எல்லோரும் பயப்பட வேண்டாம். கலந்துகொண்ட ஒரு இலட்சம் பேருக்கு இரண்டு பேருக்கும் குறைவான கணக்கு அது. ஆனால் அந்தக் கணக்கு பொதுவான போட்டியாளருக்கு, ஓடும்போது ஒருமுறை விழுந்தவருக்கல்ல. வீதியில் அரை நிமிடம் நினைவு போனால் கன்னம் தேயும். 750 மீட்டர் நீச்சலின் நடுவில் அதே அரை நிமிடம் போனால் மூச்சோடு கடல்நீர் உள்ளே போகும். பாசிக்குடாவைப் போல இடுப்பளவு தண்ணீர் என்றாலும் மயங்கியவருக்கு அது ஆழம்தான்.

வெளிநோயாளர் பிரிவில் (ஓபிடி) "தலைசுத்து" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் பிரஷர் பார்த்து, கேஸ்ட்ரிக் குளிசை தந்து அனுப்பிவிடவும் கூடும். "ஓடிக்கொண்டிருக்கும்போது முன்னறிகுறி இல்லாமல் நினைவு தப்பி விழுந்தேன், அப்பா 46 வயதில் திடீரென்று இறந்தவர்" என்று இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். விழுந்ததைக் கண்ட நண்பரையும் கூட்டிப் போங்கள். நிறம் வெளிறியதா, கண் திறந்திருந்ததா, எத்தனை விநாடி என்பது அவருக்குத்தான் தெரியும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் இருதயப் பிரிவின் ஆலோசனை கேளுங்கள்.

முதலில் இசிஜி, அதாவது இதயத்தின் மின்னோட்டப் பதிவு. அது சரியென்று வந்தால் அதோடு திரும்பிவிடாதீர்கள். படுத்திருக்கும்போது எடுத்த பத்து விநாடிக் கோடு ஓட்டத்தில் நடந்ததைச் சொல்லாமல் விடலாம். அடுத்து எக்கோ எனும் இதய ஸ்கேன்: இதயச் சுவர் தடித்திருக்கிறதா, வால்வு ஒடுங்கியிருக்கிறதா என்று காட்டும். அதற்குப் பிறகே வைத்தியரின் கண்காணிப்பில் ட்ரெட்மில் சோதனை. தேவையென்றால் 24 மணி நேரம் உடம்பில் பூட்டி இதயத்துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவி. இரத்தத்தில் வெறும் வயிற்றுச் சீனி, கொலஸ்ட்ரோல், ஹீமோகுளோபின் மூன்றும் பார்க்க வேண்டும். உங்கள் வயதில் முதலில் தேடுவது இதயத் தமனி அடைப்பை. 35 வயதுக்குக் கீழே என்றால் பரம்பரையாக வரும் இதயத் தசைத் தடிப்பும் இதய மின்னோட்டக் கோளாறும் முன்னுக்கு நிற்கும். அப்பா 55 வயதுக்கு முன் இறந்தவர் என்பதால் உங்களுக்கு இரண்டையும் பார்க்க வேண்டும்.

அப்பாவின் மரணச் சான்றிதழைத் தேடி எடுங்கள். பிரேத பரிசோதனை நடந்ததா, திடீர் மரண விசாரணை அதிகாரி என்ன எழுதினார் என்று அம்மாவிடம் கேளுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: குடும்பத்தில் நன்றாக நீந்தத் தெரிந்த யாராவது காரணம் தெரியாமல் தண்ணீரில் இறந்தார்களா? கடலோர ஊர்களில் அதை விதி என்று விட்டுவிடுகிறோம். சில பரம்பரை மின்னோட்டக் கோளாறுகள் நீந்தும்போதே வெளிப்படும்.

அஸ்பிரினை யார் எழுதித் தந்தது? யாரும் இல்லை. அது மின்னோட்டக் கோளாறையும் தடுக்காது, தடித்த தசையையும் கரைக்காது. வயிற்றில் இரத்தம் கசியவைக்கும். டெங்கு வந்தால் உயிருக்கே ஆபத்தாகும், நம்முடைய மாவட்டத்தில் டெங்கு தூரத்தில் இல்லை. தமனி அடைப்பு என்று உறுதியானால் எவ்வளவு எடுப்பது என்று இருதய வைத்தியர் சொல்வார், அதுவரை நிறுத்துங்கள். டைக்குளோபெனாக்கை அதைவிடக் கெதியாக நிறுத்துங்கள். வியர்த்து உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகம் இரத்த ஓட்டத்தைக் கஷ்டப்பட்டுத் தக்கவைக்கிறது, இந்தக் குளிசை அந்தத் தற்காப்பையே முடக்கிவிடும். நோ வருமென்று முற்கூட்டியே நோக்குளிசை போட்டு ஓடுவது பயிற்சியல்ல.

"மாரடைப்பு வந்தால் பலமாக இருமுங்கள், தப்பலாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை உங்கள் குழுவில் யார் அனுப்பினாலும் அழிக்கச் சொல்லுங்கள். விழுந்தவர் கூப்பிட்டும் அசையாமல், ஒழுங்காக மூச்சு விடாமல் கிடந்தால் ஒருவர் 1990க்கு அழைக்க வேண்டும், மற்றவர் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். உதவி வரும்வரை விடக்கூடாது. உங்களோடு ஓடுகிற எல்லோரும் இதைப் பழகட்டும்.

மற்றவை பயப்படுகிற விஷயங்களே இல்லை. 41 வயதில் உச்ச உழைப்பில் 178 என்பது இயல்பு, அதோடு மணிக்கட்டுக் கடிகாரம் சிலவேளை துடிப்பை விட்டுவிட்டுக் காலடியை எண்ணிவிடும். கறுத்த நகத்துக்கு அரை அளவு பெரிய சப்பாத்து. கெண்டைக்கால் பிடிப்பது களைத்த தசை, நீட்டிப் பிடித்தால் விடும், மக்னீசியக் குளிசை வேண்டாம். கடும் மஞ்சள் சிறுநீருக்குத் தண்ணீர். தேயிலைச் சாயம்போல், கோலா போல் கறுத்துப் போனால் மட்டும் அது தசை சிதைந்த அடையாளம், அன்றே வைத்தியசாலை. ஜெலிமீன் பட்டால் மணல் தேய்க்காமல் கடல்நீரால் கழுவி, ஒட்டியதை எடுத்துவிட்டு, தோல் பொறுக்கிற சூட்டு நீரில் 20 நிமிடம் வையுங்கள். மூச்சு முட்டினால் உடனே வைத்தியசாலை.

எல்லாம் சரியென்று இருதய வைத்தியர் எழுதித் தந்தால் படிப்படியாகத் தொடங்கலாம். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் வியர்வை தோலில் நிற்காமலே உலரும், எவ்வளவு இழந்தீர்கள் என்று தெரியாது. ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் உடுப்பில்லாமல் நிறை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் குடித்தது போக ஒரு லீற்றர் போயிருக்கிறது. அதற்காகக் குடம் குடமாகக் குடிக்கவும் கூடாது. ஓடி முடிக்கும்போது நிறை கூடியிருந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், குழப்பமும் வலிப்பும் அதனால் வரும். தாகத்துக்குக் குடியுங்கள். செவ்விளநீரில் பொட்டாசியம் கூட, சோடியம் குறைவு, ஆகவே உப்பு இழப்புக்கு அது மட்டும் போதாது. ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல் தூள்) ஒரு பக்கெட்டைச் சரியாக ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரையுங்கள், அரைப் போத்தலில் கரைத்துக் கடுப்பாக்கிக் குடிக்காதீர்கள்.

இந்த முறை ரிலேயில் உங்கள் இடத்துக்கு வேறு ஒருவரை நிறுத்துங்கள், காரணத்தையும் மறைக்காமல் அவர்களிடம் சொல்லுங்கள். இசிஜி கடதாசியையும் எக்கோ அறிக்கையையும் கிளினிக் கொப்பிக்குள் பத்திரமாக வையுங்கள். பரம்பரைக் கோளாறு ஏதும் அதில் தெரிந்தால் உங்கள் பிள்ளைகளுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் அதே சோதனைகள் செய்ய வேண்டும். வெளிநாட்டில் இருக்கிறவர்களானால் அந்த அறிக்கையைப் படமெடுத்து அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.