கெட்டில் ஏன் தானாக அணையவில்லை? சர்வீஸ் கடைக்காரரின் கேள்வி பதில்

மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், கெட்டில் என்று வீட்டுச் சாமான்களைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில். மதுரையில் கடை. கார்ட்லெஸ் கெட்டில் வைத்திருப்பவர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

அண்ணா, வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் கெட்டில் அணைய மாட்டேன் என்கிறது. தெர்மோஸ்டாட் போய்விட்டதா? (திருச்சி)

பெரும்பாலும் போயிருக்காது, தம்பி. முதலில் மூடி முழுதாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் கொதிப்பதைக் கெட்டில் தெரிந்துகொள்வது ஆவியை வைத்துத்தான். கைப்பிடிப் பக்கம், உட்சுவரின் மேல்பகுதியில் ஒரு சின்னத் துளை இருக்கும். ஆவி அதன் வழியாகப் போய் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தகட்டைச் சுடவைக்கும். அது இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு. ஒன்று அதிகமாகவும் இன்னொன்று குறைவாகவும் விரிவதால், சூடு ஏறியதும் தகடு 'டப்' என்று மறுபக்கம் வளைந்து ஸ்விட்சைத் தட்டிவிடும். அந்தச் சத்தம்தான் நமக்குக் கேட்பது.

மூடி லேசாகத் திறந்திருந்தாலும் ஆவி மேலே போய்விடும், தகடு சூடாகாது. மூடி சரியாக இருந்தும் அணையவில்லை என்றால், அந்தத் துளையில் உப்போ பால் ஆடையோ அடைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரத்துணியில் மெதுவாகத் துடைத்தாலே பல கெட்டில்கள் சரியாகிவிடும். ஊசி விட்டுக் குத்த வேண்டாம்.

அடிப்பக்கம் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் அது கரண்டைத் துண்டிக்கும். அவசரத்துக்கு உள்ள அந்தப் பாதுகாப்பைத் தினமும் வேலை வாங்கினால் சீக்கிரம் போய்விடும். ஒருமுறை அப்படித் துண்டித்துவிட்டால், கெட்டிலை நன்றாக ஆறவிட்டு அப்புறம் தண்ணீர் ஊற்றுங்கள். கொதிக்கும் சூட்டில் இருக்கும் காலிக் கெட்டிலில் பச்சைத் தண்ணீர் விடக் கூடாது.

ஹாஸ்டலில் இருக்கிறேன். கெட்டிலில் பால் காய்ச்சலாமா? நூடுல்ஸ்? (சேலம்)

வேண்டாம், தம்பி. என் கடைக்கு வரும் கெட்டில்களில் பாதிக்கு மேல் பால் பட்டுக் கெட்டவை. பால் அடியில் பிடித்துக் கருகும், அதைச் சுரண்டினால் ஸ்டீல் கீறும். அதைவிடப் பெரிய தொல்லை, பால் பொங்கி அந்த ஆவித் துளைக்குள் இறங்குவது. உள்ளே போன பால் காய்ந்து ஸ்விட்சில் ஒட்டிக்கொண்டால், தண்ணீர் வைத்தாலும் அப்புறம் அணையாது. நூடுல்ஸுக்குத் தண்ணீரை மட்டும் கொதிக்க வைத்து, கிண்ணத்தில் ஊற்றித் தட்டு போட்டு மூடி வையுங்கள், வெந்துவிடும். கட்டாயம் சமைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அகல வாயும் சூடு கூட்டிக் குறைக்கும் திருகும் உள்ள மல்ட்டி கெட்டில் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

சீரகம் போட்டுக் கொதிக்க வைக்கலாம்தானே? மாமியாருக்குத் தினமும் சீரகத் தண்ணீர் வேண்டும். (திண்டுக்கல்)

வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சீரகம் போட்ட பிளாஸ்கில் ஊற்றி மூடிவிடுங்கள், அம்மா. அரை மணியில் நன்றாக இறங்கியிருக்கும். சுக்கு, துளசி எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர். கெட்டில் அடியில் வெள்ளையாகக் கெட்டிப் படலம் படிந்துவிட்டது. குடித்தால் கெடுதலா? (தாம்பரம்)

அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், சுண்ணாம்பு. உடம்புக்குக் கெடுதல் இல்லை. கெட்டிலுக்குத்தான் கெடுதல். படலம் தடிக்கத் தடிக்க, அடியில் இருக்கும் சூடு தண்ணீருக்கு வந்து சேராது. கொதிக்க நேரமாகும், சத்தமும் கூடும்.

ஸ்டீல் நார் போட்டுத் தேய்க்காதீர்கள். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு கிடைக்கும். அரைக் கெட்டில் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி போட்டுக் கொதிக்க வைத்து, அரை மணி அப்படியே விடுங்கள். நுரைத்துக்கொண்டு கரைவது கண்ணுக்கே தெரியும். கொட்டி அலசிவிட்டு, வெறும் தண்ணீரை இரண்டு முறை கொதிக்க வைத்துக் கொட்டினால் போதும். வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு கலந்தும் செய்யலாம், வாசனை போக இன்னும் ஒருமுறை அலச வேண்டியிருக்கும். போர் தண்ணீர் என்றால் மாதம் ஒருமுறை செய்யுங்கள். இரவு மிச்சத் தண்ணீரைக் கெட்டிலில் வைக்காமல் கவிழ்த்துவிட்டால் படலம் படிவது குறையும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடலாமா? கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடுமா? (கோவை)

இரண்டும் கூடாது. 1500 வாட் கெட்டில், 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். சாதாரண பாக்ஸும் சின்னப் பின் சாக்கெட்டும் 6 ஆம்பியருக்குத்தான். நேரடியாக 16 ஆம்பியர் சாக்கெட்டில், அதாவது கீசருக்கோ ஏசிக்கோ போடும் பெரிய சாக்கெட்டில் போடுங்கள். பிளக்கைத் தொட்டால் கை சுடுகிறது என்றால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் பெரும்பாலும் ஓவர்லோட் காட்டி நின்றுவிடும்.

கரண்ட் பில் ஏறிவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். (விருதுநகர்)

கணக்குப் போட்டே சொல்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 0.08 யூனிட், வீணாகும் சூட்டையும் சேர்த்தால் 0.1 யூனிட்டுக்குள். 1500 வாட்டில் நாலு நிமிட வேலை. தினமும் நாலு லிட்டர் வைத்தாலும் மாதம் 12 யூனிட்தான். இரண்டு டம்ளர் வேண்டும்போது முழுக் கெட்டிலையும் நிரப்புவதுதான் வீண்.

ஊட்டியில் இருக்கிறோம். கெட்டில் சரியாக அணைகிறது, ஆனால் டீயில் சாயம் சரியாக இறங்குவதில்லை.

கெட்டிலில் குறை இல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். எந்தக் கெட்டில் வாங்கினாலும் இதேதான். டீத்தூளைக் கூடுதலாக இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள், அல்லது அடுப்பில் போட்டுக் கொதிக்க விடுங்கள்.

ஈரக் கையால் தொட்டபோது ஸ்டீல் கெட்டிலில் சுருக்கென்று இருந்தது. லேசாகத்தான். (தூத்துக்குடி)

லேசாக என்று விட்டுவிடாதீர்கள், சகோதரி. இன்றே நிறுத்திவிடுங்கள். தண்ணீரைச் சுடவைக்கும் எலிமெண்ட்டில் கரண்ட் கசிவு இருக்கலாம், வீட்டில் எர்த் சரியில்லாமலும் இருக்கலாம். எர்த் நன்றாக இருந்தால் இப்படிச் சுருக்கென்று தெரியக் கூடாது. கெட்டிலைக் கடையில் காட்டுங்கள், சாக்கெட்டின் எர்த்தையும் சோதியுங்கள். கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஸ்விட்ச் இல்லாத வீடு என்றால் 30 மில்லி ஆம்பியரில் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். கெட்டிலின் அடியையோ, அதை வைக்கும் வயர் உள்ள பேஸையோ குழாயில் காட்டிக் கழுவும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.

புதுக் கெட்டிலில் பிளாஸ்டிக் வாடை.

மூன்று நாலு முறை கொதிக்க வைத்துக் கொட்டுங்கள். அப்புறமும் போகவில்லை என்றால் கடையில் மாற்றிக் கேளுங்கள்.

நடக்க ஆரம்பித்த குழந்தை இருக்கிறது. கெட்டிலை எங்கே வைப்பது? (காரைக்குடி)

மேடையின் உள்பக்கம், சுவரை ஒட்டி. மிச்ச வயரை பேஸுக்கு அடியில் சுற்றிவிடுங்கள், கீழே தொங்கவே கூடாது. மேக்ஸ் கோட்டுக்கு மேல் ஊற்றாதீர்கள், கொதிக்கும்போது மூக்கு வழியாகத் தெறிக்கும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கெட்டிலைத் தூக்கவும் வேண்டாம். அணைந்து கால் மணி ஆன தண்ணீர்கூடப் பிஞ்சுத் தோலைக் கொப்பளிக்க வைக்கும். தப்பித் தவறி மேலே கொட்டிவிட்டால் பேஸ்ட், மை, மாவு எதுவும் தடவாமல், ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.