கெமிக்கலைக் கூட்டும் முன் இழுப்பைக் குறையுங்கள்

கேள்வி: எங்கள் காற்றில்லா உலையில் (ஆக்சிஜன் இல்லாமல் நுண்ணுயிர்கள் கழிவுநீரைச் சிதைக்கும் தொட்டி) மெம்பரேன், அதாவது நுண்துளை வடிகட்டி, கசடுக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. அதன் வழியே சதுர மீட்டருக்கு மணிக்கு 12 லிட்டர் நீர் இழுக்கிறோம். முன்பு ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் கரைசலால் கழுவினால் உறிஞ்சும் அழுத்தம் 8 கிலோபாஸ்கலுக்கு இறங்கும், ஒரு மாதம் தாங்கும். இப்போது 15-க்குக் கீழே இறங்குவதில்லை, பத்தே நாளில் 35-ஐத் தொடுகிறது. ஹைப்போவின் அளவைக் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம். நீங்கள் சொல்வதில் இரண்டு சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன. கழுவியும் 8-க்குத் திரும்பாதது ஒன்று, ஏறும் வேகம் கூடியது இன்னொன்று.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். ஹைப்போ அரிப்பது நுண்ணுயிர்கள் விடும் பிசினைத்தான், உப்புப் படிவை அல்ல. காற்றில்லா உலையில் புரதமும் மற்ற கரிமப் பொருள்களும் சிதையும்போது அம்மோனியாவும் பாஸ்பேட்டும் நீரில் சேர்கின்றன. மெக்னீசியமும் இருந்தால் இம்மூன்றும் சேர்ந்த ஸ்ட்ரூவைட் என்ற உப்பு படிகிறது. உறிஞ்சும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் (அமில-கார அளவு) ஏறினால் கால்சியம் கார்பனேட்டும் வரும். ஹைப்போ கரைசலே காரத்தன்மை உள்ளது என்பதால், துளைக்குள் இந்தப் படிவை அது இன்னும் வளர்த்துவிடலாம்.

மெம்பரேன் மேலிருந்து கொஞ்சம் படிவை மெதுவாக எடுத்து, நன்றாக அலசி, திறந்த வெளியில் அதன் மேல் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். பொங்கினால் கார்பனேட், பொங்காமல் கரைந்தால் ஸ்ட்ரூவைட்டாக இருக்கலாம். எதுவானாலும் சிட்ரிக் அமிலத்தில், பிஎச் 2 முதல் 3-க்குள், ஓரிரு மணி நேரம் ஊறவிடுங்கள். தயாரிப்பாளர் சொன்ன வரம்பை மட்டும் தாண்ட வேண்டாம். ஹைப்போவுக்கும் அமிலத்துக்கும் நடுவில் நல்ல நீரில் முழுமையாக அலச வேண்டும். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து. ஹைப்போ உலைக்குள் இறங்கினால் மீத்தேன் தரும் நுண்ணுயிர்களும் சாகும்.

சரி, ஏறும் வேகம்? மெம்பரேன் மேல் வந்து ஒட்டுவதை, வாயுக் குழாயிலிருந்து எழும் பயோகேஸ் குமிழ்கள் துடைத்துக்கொண்டே இருக்கின்றன. அவற்றால் துடைக்க முடிந்த அளவுக்குள் இழுத்தால் அழுத்தம் ஓரளவு நிலையாக நிற்கும். மிஞ்சினால் கசடு அப்பிக்கொள்ளும். உங்களிடம் துளைகளில் ஒரு பங்கு உப்பால் மூடியிருந்தால், அதே 12 லிட்டரும் மிச்சத் துளைகள் வழியாகத்தான் போக வேண்டும். அந்த இடங்களில் வரம்பு எப்போதோ தாண்டியிருக்கும். திடீரென அழுத்தம் எகிறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

அமிலக் கழுவலுக்குப் பிறகு 4 லிட்டரில் தொடங்கி, 20 நிமிடத்துக்கு ஒருமுறை 2 லிட்டராகக் கூட்டிப் பாருங்கள். எந்தப் படியில் அழுத்தம் நிற்காமல் ஏறுகிறதோ, அதற்குக் கீழேயே ஓட்டுங்கள். 9 நிமிடம் இழுத்து 1 நிமிடம் ஓய்வு விடுவதும் நன்றாகவே உதவும். குமிழ்கள் ஒரு பக்கமாக மட்டும் எழும்பினால் வாயுக் குழாயின் துளைகள் அடைத்திருக்கலாம்.

அப்புறம், வெப்பநிலைப் பதிவையும் புரட்டுங்கள். 35 டிகிரி நீர் 20-க்குக் குளிர்ந்தால் அதன் பிசுப்பு (பாகுத்தன்மை) கிட்டத்தட்ட 1.4 மடங்காகிறது, அடைப்பே இல்லாமல் அழுத்தமும் அதே அளவு ஏறும். உலையில் கொழுப்பு அமிலங்கள் தேங்கியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். நலம் கெட்ட நுண்ணுயிர்கள் விடும் பிசின் இருக்கும்வரை எந்தக் கழுவலும் நிற்காது.

சோதனையில் 8 லிட்டர்தான் தாங்கும் என்று வந்தால், அன்றாட நீரை எடுக்க இப்போதுள்ளதைப் போல ஒன்றரை மடங்கு மெம்பரேன் பரப்பு வேண்டியிருக்கும். அந்தச் செலவை இப்போதே கணக்கில் வையுங்கள்.