மூன்று இடத்திலிருந்து 159 இடம்

கேள்வி: இலங்கையில் நுவரெலியாவில் இருக்கும் என் சித்தி மகள், 2024 தேர்தலில் புது ஆட்களுக்குத்தான் ஓட்டுப் போட்டதாகச் சொன்னாள். மூன்று இடம் வைத்திருந்த கட்சி எப்படி ஆட்சிக்கு வந்தது? தேர்தல் ஏன் முன்கூட்டியே நடந்தது?
– வாசகி, பந்தலூர்

பதில்: தேர்தல் முந்தியதற்குக் காரணமே அந்த மூன்று இடம்தான், சகோதரி. 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியாக வென்றார். 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் அவருடைய தேசிய மக்கள் சக்திக்கு மூன்றே பேர். அதை வைத்து ஒரு சட்டம்கூட நிறைவேற்ற முடியாது. பதவியேற்ற மறுநாளே கலைத்துவிட்டார். நவம்பர் 14-ல் தேர்தல். அவர் கட்சியின் திசைகாட்டிச் சின்னத்துக்கு 159 இடம். வென்றவர்களில் பெரும்பாலோர் அதுவரை பாராளுமன்றப் படி ஏறாதவர்கள். 2022-ல் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்ற சனம், பழைய முகங்களே வேண்டாம் என்று முடிவு கட்டியிருந்தது.

ஆனால் எனக்கு அந்த 159-ஐவிட இரண்டு பெயர்கள்தான் பெரிது. நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையில் அம்பிகா சாமுவேல். தேயிலைத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழ்ப் பெண்கள் மக்கள் ஓட்டில் பாராளுமன்றம் போனது அதுதான் முதல் தடவை.

என் தாத்தா அங்கே 1947-ல் ஓட்டுப் போட்டவர். அந்தத் தேர்தலில் தோட்டத் தமிழர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசில் ஏழு பேர் ஜெயித்தார்கள். மறுவருஷமே எங்கள் சனத்துக்குக் குடியுரிமை இல்லாமல் ஆக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது, அப்புறம் ஓட்டும் போனது. 1952-ல் அந்த ஏழு இடத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அம்மாவுக்கு அங்கே கடைசி வரை ஓட்டே இல்லை. தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடும் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 1974-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, கோத்தகிரியில் டேன்டீ என்ற தமிழக அரசுத் தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டுக்கு வந்தோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா தன் வாழ்நாளில் முதல் ஓட்டை 1977-ல் இந்த நீலகிரியில்தான் போட்டார். இலங்கை முடிவு வந்த அன்று அந்த இரண்டு பெயரையும் என்னைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்.

கேள்வி: புதியவர்கள் சொன்னதைச் செய்வார்களா?
– வாசகர், கூடலூர்

பதில்: ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். 200 வருஷமாக அந்தத் தோட்டங்களில் உழைத்த குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் சொந்தக் காணி இல்லை. குடியிருக்கும் லயம், அதாவது வரிசை வீடு, தோட்டத்துக்குச் சொந்தம். நாள் சம்பளம் கூடுவதும் வேண்டியதுதான், சரி. ஆனால் காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், கைக்கு வர வேண்டும். அங்கிருந்து போன் வந்தால் அம்மா முதலில் கேட்பதும் அதைத்தான்: "காணி எழுதிக் குடுத்தாங்களா?"