பெயர் கேட்டார்கள், சொல்லத் தெரியவில்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்குக் குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர். வயது 27. ஆகஸ்டில், தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலில் இறங்கிய வாரம், ஆறாம் மாதத்தில் பிள்ளை இறந்து பிறந்தது. வீட்டுக்காரர் அப்போது தங்கு கடலில், நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போயிருந்தார். "நீ பார்க்கண்டாம் மக்களே" என்று சொல்லி மாமியார் ஒரு துண்டில் பொதிந்து கொண்டுபோனார். எங்கே அடக்கினார்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பால் கட்டியது. நெஞ்சைத் துணியால் இறுக்கிக்கொண்டு படுத்திருந்தேன்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு ஊரே பூவும் மெழுகுதிரியுமாகப் போனது. நானும் பூசைக்கு எழுதிக்கொடுக்கப் போனேன். "யார் பெயருக்கு?" என்றார் கோவில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார். பெயரே வைக்காத பிள்ளைக்கு என்ன சொல்ல? திரும்பி வந்துவிட்டேன். "ஞானஸ்நானம் கிடைக்காத பிள்ளைக்குப் பூசை எதுக்கு? மறந்துட்டு அடுத்ததைப் பாரு" என்கிறார் மாமியார்.

நான்காம் மாதத்தில் தண்ணீர்க் குடம் தூக்கினேன். அதனால்தானா? வீட்டுக்காரர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கரைக்கு வந்த இரவு குருசடியில், அந்தச் சின்னச் சிலுவைக் கோவிலில், திரி ஏற்றிவிட்டு வந்து படுத்தார், அவ்வளவுதான். ஜெபமாலையை எடுத்தால் பாதியில் அழுகை வந்துவிடுகிறது. எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டதா?

*

அன்பு மகளுக்கு,

முதலில் அந்தக் குடத்தை இறக்கி வையுங்கள். ஆறாம் மாத இழப்புக்கு நஞ்சுக்கொடிக் கோளாறு, தொற்று, கருப்பை வாய் முன்பே திறந்துகொள்வது என்று காரணங்கள் உண்டு. பல நேரம் காரணமே பிடிபடாது. இரண்டு மாதத்துக்கு முன் தூக்கிய குடம் இதைச் செய்யாது. பால் கட்டியதும் இயல்புதான். நஞ்சுக்கொடி பிரிந்ததும் உடம்பு பால் சுரக்கத் தொடங்கிவிடும். பிள்ளை இல்லை என்பது அதற்குத் தெரியாது.

மாமியாரைக் கோபிக்க வேண்டாம். ஞானஸ்நானம் பெறாத சிசுக்கள் மோட்சத்துக்கு வெளியே ஏதோ ஓரிடத்தில் இருக்கும் என்றுதான் அவர் தலைமுறை கேட்டு வளர்ந்தது. அது ஒருபோதும் திருச்சபையின் விசுவாசக் கோட்பாடாக இருந்ததில்லை. 2007-ல் வத்திக்கானின் இறையியல் ஆணையம், இந்தக் குழந்தைகள் கடவுளிடம் சேர்வார்கள் என்று நம்ப நல்ல காரணங்கள் உண்டு என்றே எழுதியது. ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்த பெற்றோரின் பிள்ளைக்கு, ஆயர் அனுமதித்தால் அடக்கச் சடங்கே நடத்தலாம் என்கிறது திருச்சபைச் சட்டம். அப்படியிருக்க, ஒரு பூசைக்கு என்ன தடை? பங்குச் சாமியாரிடம் நேராகப் போய்ப் பேசுங்கள்.

அழுவது விசுவாசக் குறைவா என்கிறீர்கள். டிசம்பர் 28, ஏரோது மன்னன் கொன்ற சிசுக்களை நினைக்கும் மாசில்லாக் குழந்தைகள் திருநாளன்று கோவிலில் வாசிக்கும் நற்செய்தியைக் கவனித்துக் கேளுங்கள். பிள்ளைகளை இழந்து அழும் ராகேல் என்ற தாய் அதில் வருகிறாள். ஆறுதலே வேண்டாம் என்கிறாள். அவளை யாரும் அதட்டுவதில்லை, 'அடுத்ததைப் பார்' என்றும் சொல்வதில்லை. ஜெபமாலை பாதியில் நின்றால் நிற்கட்டும். அந்த அழுகையும் ஜெபம்தான் என்பது என் எண்ணம்.

பெயர் வையுங்கள். மனதுக்குள் ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருப்பீர்கள், இல்லையா? மாமியார் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, அடக்கிய இடத்தையும் கேளுங்கள். துண்டில் பொதிந்து தூக்கிப்போன கை அவருடையது. அவரும் யாரிடமும் சொல்லாமல்தான் இருக்கிறார். (மறக்கச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மறக்க முடியாதவர்கள்.)

ஒன்று மட்டும் கவனம். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனாலோ, செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ, காத்திருக்காதீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது.

அப்புறம் உங்கள் வீட்டுக்காரர். 'அவ்வளவுதான்' என்று எழுதியிருக்கிறீர்கள். கடலில் இருந்து வந்த அலுப்போடு, அந்த இருட்டில், ஒரு மனிதர் குருசடிக்குப் போய்த் திரி ஏற்றியிருக்கிறார். அடுத்த தடவை கரைக்கு வரும்போது நீங்களும் கூடப் போங்கள். அந்தத் திரி யாருக்கு என்று கேளுங்கள். நீங்கள் வைத்திருக்கும் பெயரை அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.