அப்பா விட்டுப்போன புல்லட்: முதலில் எதைத் தொடுவது?

கேள்வி: என் அப்பாவுடைய 1978 மாடல் புல்லட் 350, வீட்டுப் பின்கட்டில் 11 வருடமாகத் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. தம்பிக்கு வண்டியில் நாட்டமில்லை. நானே ஓட்டலாம் என்று ஆசை. ஒரு மெக்கானிக், முழுவதும் பிரித்துப் புதுசு மாதிரி ஆக்கித் தர 1,40,000 ரூபாய் ஆகும், பாதியை முன்பணமாகக் கொடுங்கள் என்கிறார். வண்டி வாங்கி விற்கும் இன்னொருவர், ஆர்.சி. மாற்றக்கூட வேண்டாம், இப்படியே 70,000 தருகிறேன் என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டு பேரிடமும் இப்போதைக்கு எதற்கும் ஒத்துக்கொள்ள வேண்டாம். விற்பதாக இருந்தாலும் ஓட்டுவதாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: வண்டி உங்கள் பெயருக்கு வர வேண்டும். ஆர்.சி. மாற்றாமல் கொடுத்துவிட்டால் வண்டி யார் கையில் எங்கே சுற்றினாலும் காகிதத்தில் அது அப்பாவின் வண்டிதான். நாளைக்கு ஒரு விபத்து என்றால் போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டு வாசலுக்கு.

உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும் என்பது விதி. உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. அதனால் வழி அடைபடவில்லை, தாமதத்துக்கான தொகையைக் கட்டிச் செய்துகொள்ளலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் வேண்டும். தம்பியோடு அம்மாவும் வாரிசு என்பதை மறக்காதீர்கள்.

1978 வண்டி என்றால் மூன்று ஆங்கில எழுத்தோடு வரும் பழைய நம்பராக இருக்கும். மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனில் அந்த நம்பரைப் போட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். இதற்குப் பேக்லாக் என்ட்ரி என்று பெயர். இது முடியாமல் அடுத்த எந்த வேலையும் நகராது. 15 வருடத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய இருசக்கர வண்டிக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்த்தினார்கள். தாமதக் கட்டணமும் பசுமை வரியும் தனி.

'விண்டேஜ்' என்று பதிந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். 2021-இல் வந்த அந்த விதி 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு. உங்கள் வண்டிக்கு 2028-இல்தான் 50 ஆகிறது. அப்போதும் அந்தப் பதிவோடு கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். பதிவுக் கட்டணமோ 20,000 ரூபாய். ஓட்ட ஆசைப்படும் உங்களுக்குச் சாதாரணப் பதிவுதான் சரி.

இனி அந்த 1,40,000. அந்தத் தொகையில் வண்டியை ஓட வைக்க எவ்வளவு, பளபளப்பாக்க எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பெயின்ட், குரோம், சீட்டு எல்லாவற்றையும் இந்த முறை தள்ளிவையுங்கள். பெட்ரோல் டேங்கில் பழைய கோடுகள் இருந்தால் அவை கையால் இழுத்தவை. அதன் மேல் ஸ்ப்ரே அடித்துவிட்டால் அவ்வளவுதான், திரும்ப வராது. அப்பா துடைத்துத் துடைத்துத் தேய்ந்த பெயின்ட் இருக்கிற வண்டியை, கடையில் நிற்கும் வண்டி மாதிரி ஆக்கிவிட்டு வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும். திருவொற்றியூரில் செய்த அந்தக் கால வண்டிகளுக்கு என்ஃபீல்டு என்றுதான் பெயர், ராயல் பிறகு சேர்ந்தது. புது ஸ்டிக்கர் ஒட்டுகிறேன் என்று சொன்னால் தடுத்துவிடுங்கள்.

எஞ்சின் விஷயத்தில் ஒரே ஒரு வேண்டுகோள். புது பேட்டரி வாங்கி, பெட்ரோல் ஊற்றி, ஆர்வத்தில் யாரும் கிக்கரை உதைத்துவிடக் கூடாது. எங்கள் பெரியப்பா வண்டியில் நாங்கள் அதைத்தான் செய்தோம். வண்டி உடனே கிளம்பியது, தெருவே கைதட்டியது, பத்து நிமிடத்தில் உள்ளே சத்தம் மாறிவிட்டது. எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்கைப் பிரிக்க வேண்டி வந்தது.

காரணம் இதுதான். இந்தப் பழைய புல்லட்டில் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ்முனையில் (பிக் எண்ட்) உருளை பேரிங் கிடையாது, வழவழப்பான உலோக வளையமான புஷ்தான். எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் அது சுழல்கிறது. பல வருடம் நின்ற வண்டியில் அந்தப் படலம் வடிந்து போயிருக்கும். எண்ணெயோ பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் இருக்கும் அறைக்கு இறங்கிக் குழம்பாகி நிற்கும். அதனால் முதலில் கீழே உள்ள நட்டுகளைத் திறந்து பழைய எண்ணெய் முழுவதையும் வடிக்க வேண்டும். ஃபில்டரை மாற்றிப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகச் சிலிண்டரில் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறட்டும். பிஸ்டன் இறுகியிருந்தால் கிக்கரில் பலத்தைக் காட்டாமல், டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை மெதுவாக முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். சுற்றத் தொடங்கியதும் பிளக் இல்லாமலே முப்பது நாற்பது முறை மெல்ல உதைத்தால் எண்ணெய் மேலே ஏறும். வண்டி கிளம்பிய பிறகு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். எண்ணெய் விட்டுவிட்டுத் திரும்பி வருவது கண்ணுக்குத் தெரியும். தெரியவில்லை என்றால் அந்த நொடியே எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

இந்த வரிசையை மெக்கானிக்கிடம் சொல்லிப் பாருங்கள். 'ஆமாம்மா, அப்படித்தான் செய்யணும்' என்பவர் கையில் வண்டியை நம்பிக் கொடுக்கலாம்.

மற்றவை சுலபம். பெட்ரோல் டேங்கில் துரு எடுத்து, கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, தீப்பொறிக்கான மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் பாயின்டைச் சுத்தம் செய்து இடைவெளி வைக்க வேண்டும். ரப்பர் டியூப்களை எல்லாம் மாற்றிவிடுங்கள், இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும். டயரில் பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் 11 வருடம் நின்ற டயரில் ஏறக் கூடாது. புது டயர் வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பேட்டரி வாங்கும் முன் வண்டி 6 வோல்டா 12 வோல்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கால வண்டிகள் பல 6 வோல்ட். சென்னைக்குப் போகும் வேலை இருந்தால் ஜி.பி. ரோட்டில் புது பாகங்களும் புதுப்பேட்டையில் பழைய பாகங்களும் தேடலாம்.

பாதி முன்பணம் வேண்டாம். பாகம் வாங்கிய பில்லைக் காட்டினால் அந்தத் தொகை, வேலை முடிய முடியக் கூலி என்று பேசுங்கள். கழற்றிய ஒவ்வொரு பழைய பாகமும் ஒரு சாக்கில் உங்களிடம் திரும்ப வர வேண்டும். எஞ்சினின் கீழ்ப்பகுதிக் கூடான கிராங்க்கேஸை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்ற விடாதீர்கள். எஞ்சின் நம்பர் அதில்தான் அடித்திருக்கிறது. அது மாறினால் ஆர்.சி.யோடு பொருந்தாமல் போய், இத்தனை அலைச்சலும் வீண்.

உங்கள் லைசென்ஸ் கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மட்டும் என்றால் கியர் வண்டிக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டியில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. கால் பழகும்வரை காலி மைதானத்திலேயே ஓட்டுங்கள். உதைக்கும் முறையை அப்பாவோடு ஓட்டிய பழைய நண்பர் யாராவது இருந்தால் அவரிடம் கேளுங்கள். ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடம் பார்த்து, சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து, கிக்கரைக் கொஞ்சம் இறக்கி, விட்டு, அப்புறம் முழு மிதி. இடம் தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். செருப்போடு உதைக்காதீர்கள்.

கேள்வி: மாமா கொடுத்த பழைய யெஸ்டி பைக்கைச் சரிசெய்ய ஒரு பட்டறையில் விட்டு ஒன்பது மாதம். 40,000 ரூபாய் ஜி-பேயில் கொடுத்தேன். பில் இல்லை. இப்போது போனை எடுப்பதில்லை.
– வாசகர், ஈரோடு

பதில்: முதலில் நேரில் போய் வண்டியையும் எஞ்சின், சேசிஸ் நம்பர்களையும் படம் எடுங்கள். மைசூரில் யெஸ்டி உற்பத்தி 1996-இல் நின்றுவிட்டது, பழைய பாகங்களுக்கு நல்ல கிராக்கி இருக்கிறது. அதனால் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். செய்த வேலைக்கான நியாயமான கூலி பாக்கி இருந்தால் அதைத் தரும்வரை வண்டியை நிறுத்திவைக்க அவருக்குச் சட்டத்தில் இடமுண்டு. அதனால் செய்த வேலைக்குக் கணக்குக் கேளுங்கள்.

பில் இல்லாதது பெரிய குறையல்ல. பணம் போன விவரமும் வாட்ஸ்அப் பேச்சும் சாட்சியாகும், எதையும் அழிக்காதீர்கள். 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லலாம். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.