நியூட்டன் வட்டு வெள்ளையாகத் தெரியாது, முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள்

'ஒளி, நிறம் பற்றி எளிய சோதனைகள் மூலம் வகுப்பில் எப்படிச் சொல்லித்தருவது?' என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்குப் புதுசு போல. எடுத்த எடுப்பிலேயே நியூட்டன் வட்டுதான் செய்வீர்கள். நானும் அதைச் செய்துதான் மாட்டிக்கொண்டேன்.

ஏழாம் வகுப்பு. அட்டையை வட்டமாக வெட்டி, வானவில்லின் ஏழு வண்ணத்தையும் பூசி, நடுவில் பென்சிலைச் செருகிச் சுற்றினேன். "என்ன நிறம் தெரியுது?" "வெள்ளை சார்!" என்று கோரஸ். புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது. கடைசி பெஞ்சில் ஒரு பெண் மட்டும், "சாம்பல் கலரா இருக்கு சார்" என்றாள். வேகம் பத்தவில்லை என்று சொல்லி இன்னும் வேகமாகச் சுற்றினேன். வட்டு கழன்று ஜன்னலில் போய் அடித்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, வட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்னதுதான் சரி. சாயம் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும், மீதியை விழுங்கிவிடும். விழுங்கியது எவ்வளவு சுற்றினாலும் திரும்பாது. இது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆனது. 'இதுகூடத் தெரியாமல் வாத்தியாரா?' என்று கீழே எழுத வருபவர்கள் தாராளமாக எழுதுங்கள். தெரியாமல்தான் இருந்தேன்.

இப்போது செல்போன் திரையில்தான் ஆரம்பிக்கிறேன். திரை முழுக்க மஞ்சள் நிறத்தை வைத்து, விரல் நுனியால் குட்டியாக ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் போதும், துளி லென்ஸாகிவிடும். உற்றுப் பார்த்தால் மஞ்சளைக் காணோம், சிவப்பும் பச்சையும் பொடிப்பொடியாக மினுங்கும். அடுத்து அதே சிவப்பையும் பச்சையையும் பெயின்ட்டில் குழைக்கச் சொல்வேன். சேறு மாதிரி ஒரு பழுப்பு வரும். ஒளி சேரச் சேரக் கூடும், சாயம் சேரச் சேர விழுங்கும் என்பதை நான் வாய் திறந்து சொல்வதற்குள் யாராவது ஒரு வாண்டு சொல்லிவிடும்.

வெள்ளை ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் முக்கோணக் கண்ணாடி, அந்த முப்பட்டகத்தைக் காட்டலாமே என்பீர்கள். நியூட்டன் 1666-லேயே கையில் வைத்துப் பார்த்துவிட்டார். எங்கள் பள்ளியில் அது பீரோவுக்குள் இருக்கிறது. சாவி தலைமையாசிரியரிடம். உடைந்தால் யார் பொறுப்பு, இருப்புப் பதிவேட்டில் யார் கையெழுத்து என்று ஆரம்பித்தால் பீரியடே முடிந்துவிடும். ஆய்வுக்கு ஆள் வரும் அன்று மட்டும் துடைத்து மேஜைமேல் வைப்பார்கள்.

ஒன்று, பரீட்சையில் நியூட்டன் வட்டு பற்றிக் கேட்டால் 'வெள்ளை' என்றே எழுதச் சொல்லிவிடுங்கள். மார்க் போனால் பெற்றோர் உங்களைத்தான் பிடிப்பார்கள்.